உறைந்த ஆற்றில் யாரும் நிற்காத இடம்

எங்கள் தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் ஜனவரி மாதத்திலும் ஐஸ் விற்கிறார்கள். கண்ணாடிக் கதவு போட்ட பெட்டியில், உறைந்த பட்டாணிக்கும் மீன் வில்லைகளுக்கும் நடுவே, பிளாஸ்டிக் பையில் கட்டிய சின்னச் சின்னச் சதுரங்கள். கடைக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் தேங்கிய தண்ணீர் கல்லாக இறுகிக் கிடக்கிறது. வாய்க்காலில் வாத்துகள் தண்ணீரென்று நம்பி இறங்கி, வழுக்கி, யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோல் தலையைத் திருப்புகின்றன. இவ்வளவு ஐஸையும் கவனமாக மிதித்துக் கடந்து உள்ளே வரும் ஒரு பெண்மணி, ஒரு பை ஐஸை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போகிறார். என் முதல் குளிர்காலத்தில் இதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நான் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் பதினெட்டு வருடம் ஐஸ் வியாபாரம் செய்தவன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழில் பறிபோனவனுக்கு வரும் ஒருவகை எரிச்சல்தான் வந்தது.

நான் இங்கே வேலை தேடி வந்தவன் இல்லை. என் மனைவி நிலோபருக்குச் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. அவளுடைய கம்பெனி அவளை நெதர்லாந்துக்கு அனுப்பியது. அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நான் வந்தேன். டிப்போவை அவளுடைய தம்பி காசிமிடம் விட்டுவிட்டு வந்தேன். டிப்போ என்றால் பெரிதாக எதுவும் இல்லை. தகரக் கூரை, சிமெண்டுத் தொட்டி, உடைக்கிற மெஷின் ஒன்று. விடியும் முன் மினி லாரியில் ஐஸ் பார் வந்து இறங்கும். ஒவ்வொன்றும் ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு. இரும்புக் கொக்கியால் இழுத்துத் தொட்டியில் அடுக்கி, உமி கொட்டி, சாக்குப் போட்டு மூடுவோம். கட்டுமரமும் ஃபைபர் போட்டும் கரை சேரும் நேரத்துக்கு உடைத்துக் கொடுக்க வேண்டும். ஐஸ் வியாபாரி என்பவன் உண்மையில் வெயிலோடு சண்டை போடுகிறவன். அப்படிப்பட்டவனைக் கொண்டுவந்து, லைடனுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தில், எட்டு மாதம் சமையலறையில் உட்காரவைத்தது வாழ்க்கை. நிலோபர் காலையில் ரயிலேறிப் போவாள். நான் சோறு வடித்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பேன். என் உள்ளங்கையில் கொக்கி பிடித்த காய்ப்பு மெதுவாக உரிந்துகொண்டிருந்தது.

மொழி வகுப்புக்குப் போய், தட்டுத்தடுமாறி நாலு வாக்கியம் பேசக் கற்றபிறகு, ஊரிலிருந்த அருங்காட்சியகத்தில் காவல் வேலைக்கு விண்ணப்பித்தேன். இங்கே அந்த வேலைக்கு 'சுப்போஸ்ட்' என்று பெயர். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நேர்காணல் செய்தவர் பெயர் மரைக்க. முதலில் கேட்டபோது நம்மூர் மரைக்காயர் வீட்டுப் பெண்ணோ என்று ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆறடி உயரம், வெள்ளை முடி, நீலக் கண்ணாடி. பார்வையாளர் பகுதி முழுவதும் அவர் பொறுப்பு. முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். வகுப்பில் கற்ற வார்த்தைகளை ஒட்டவைத்து, "ஏய்ஸ்வெர்கோப்பர்" என்றேன். ஐஸ் விற்பவன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஏதோ கேட்டார், அதில் வனிலா என்ற வார்த்தை இருந்தது. ஏன் என்று புரியாமல் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை கிடைத்தது.

என்னை நிற்கவைத்தது பதினேழாம் நூற்றாண்டு அறையில். பரோக் காலம் என்பார்கள். அதில் ஒரு மூலையில், ஓக் பலகையில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய குளிர்காலக் காட்சி ஒன்று இருந்தது. இரண்டு சாண் உயரம், மூன்று சாண் அகலம். முதல் வாரம் அதில் எனக்குத் தெரிந்தது கூட்டம் மட்டும்தான். ஓர் ஆறு முழுக்க உறைந்திருக்கிறது, அதன்மேல் ஊரே இறங்கி நிற்கிறது. கறுப்பு உடையில் பெரிய மனிதர்கள், கழுத்தைச் சுற்றிக் கஞ்சி போட்ட வெள்ளை மடிப்பு. வளைந்த கோலால் பந்தை அடிக்கக் குனிந்திருக்கும் இருவர். குதிரை இழுக்கும் சறுக்கு வண்டி. பாவாடை விரிய விழுந்து கிடக்கும் ஒருத்தி, அவளைத் தூக்கப்போய்ச் சிரிக்கும் ஒருவன். எனக்கு அந்தப் படத்தின்மேல் கோபம்தான் வந்தது. ஒரு துண்டு உருகாமலிருக்க உமியைக் கொட்டிக் காவல் காத்தவன் நான். இவர்கள் ஆறு முழுக்க ஐஸை வைத்துக்கொண்டு விளையாடுகிறார்கள்.

ஆனால் ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் ஒரு படத்தோடு நின்றால் கோபம் தானாக அடங்கிவிடும், கண் வேலை செய்யத் தொடங்கும். அந்தப் பலகையில் மூன்றில் இரண்டு பங்கு வானம். மனிதர்கள் எல்லாரும் கீழே ஒரு பட்டையில் அடங்கிவிடுகிறார்கள். கோவளத்துக் கரையில் நின்றாலும் அப்படித்தான், வானம்தான் அதிகம், நாமெல்லாம் அதன் காலடியில் ஊர்வோம். பிறகு ஐஸைப் பார்த்தேன். ஐஸ் வெள்ளை என்று சொல்கிறவர்கள் அதை விற்காதவர்கள். நல்ல பார் ஒன்றின் ஓரம் கண்ணாடிபோல் இருக்கும், நடுவில் மட்டும் காற்று மாட்டிக்கொண்டு பால்போல் வெளுத்திருக்கும். இந்த ஓவியருக்கு அது தெரிந்திருந்தது. அவர் வெள்ளையைத் தொட்டிருந்தது மிகக் குறைவு. சாம்பல், தேநீர்க் கறைபோல ஒரு பழுப்பு, தொலைவில் வானத்தோடு சேருமிடத்தில் லேசான ரோஜா. வண்ணத்தை எவ்வளவு மெல்லியதாகப் பூசியிருந்தார் என்றால், சில இடங்களில் பலகையின் மரக்கோடுகள் அடியிலிருந்து தெரிந்தன. தூரத்தில் போகப்போக உருவங்களுக்கு முகமில்லை, அப்புறம் கால்களுமில்லை, கடைசியில் நிறம் மட்டும். இருந்தாலும் அந்தப் புள்ளிகள் நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. ஒரு புள்ளியை நடக்கவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது மாதம் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்தேன். ஒன்று, வலப்பக்க மரப்பாலத்தின் அடியில் இருந்த ஓர் இடம். அங்கே ஐஸின் நிறம் சற்றே பச்சை கலந்து கறுத்திருந்தது. இவ்வளவு நெரிசலில் அந்த இடத்தில் மட்டும் ஒருவர்கூட இல்லை. மற்றது, கரையோரம் சாய்ந்து நின்ற ஒரு படகு. அதைச் சுற்றி ஐஸ் இறுகிவிட்டது. பாய் சுருட்டிக் கட்டியிருந்தது. படத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொல்வார்கள்: 'ஹெஸெல்லஹ்'. வீட்டார் கூடி உட்கார்ந்தால் வருமே ஓர் இதம், அதற்கான வார்த்தை. படத்துக்குப் பக்கத்திலிருந்த குறிப்பும் குளிர்காலக் கொண்டாட்டம் என்றுதான் சொன்னது. எனக்கு அந்தப் படகிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த காட்சி. ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் யாரும் கடலில் இறங்கக் கூடாதென்று மைக்கில் சொல்லிக்கொண்டு போவார்கள். படகுகளை எல்லாம் ரோட்டோரம்வரை இழுத்துவைத்துவிடுவோம். மழை சற்று விட்டதும் ஊரே மணலுக்கு வந்துவிடும். சீட்டாட்டம் ஒருபக்கம், கிரிக்கெட் ஒருபக்கம், வலையைப் பழுது பார்க்கிறவர்கள் ஒருபக்கம். பெண்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு நாள், பொத்தேரியிலிருந்து காலேஜ் மாணவர்கள் நாலைந்து பேர் அலை பார்க்க பைக்கில் வந்தார்கள். என் டிப்போ வாசலில் நின்று போட்டோ எடுத்தபடி ஒருவன், "செம ஜாலியா இருக்குல்ல இந்த ஊரு" என்றான். அப்போது என் தொட்டியிலிருந்த ஐஸ் ஆறாவது நாளாக வாங்க ஆளில்லாமல் உருகி, வாசல்வழியே ஓடி, அவன் செருப்பைத் தாண்டி மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் மதியத்துக்கு என்ன என்று கேட்க வேண்டியிருக்கும் என்பதால்தான் வீட்டுக்குப் போகாமல் இருந்தார்கள். நான் அந்தப் பையனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது பல வருடம் உறுத்திக்கொண்டிருந்தது.

ஒருநாள் மதிய இடைவேளையில் அந்தப் படத்தைப் போனில் எடுத்துக் காசிமுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"இன்னா மச்சான் இது, ஆறு பூரா ஐஸா கீது. உமி கிமி ஒண்ணும் போடாம அப்டியே வுட்டு வச்சிக்கீறானுங்க?"

"அது தானா உறைஞ்சது மச்சான். நானூறு வருசம் ஆச்சு இதை வரைஞ்சு."

"தானா ஒறைஞ்சா நம்ம பொழப்பு இன்னாத்துக்கு ஆவறது. சரி அத்த வுடு. நம்ம இடத்த ஒருத்தன் கேட்டுகினு கீறான். அலைல பலகை வச்சி வெளையாட்றாங்களே, அந்தப் பலகைங்கள வாடகைக்கு வுட்ற கடை போடணுமாம். நீ வர்றியா, இல்லியா? வந்தீன்னா பழையபடி ஓட்டலாம். வரலன்னா நான் ஒருத்தனா எத்தினி நாளு பாரு இழுத்துகினு கெடப்பேன். குளிரு முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு."

அவன் கேட்டதில் தப்பில்லை. நிலோபருக்கு இன்னும் மூன்று வருடம் இங்கே வேலை உறுதியாகியிருந்தது. என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. அவள் என்னைப் பிடித்துவைக்கவில்லை. "உங்களுக்கு அங்கதான் நிம்மதின்னா போய்ட்டு வாங்க, நான் சமாளிச்சுக்குவேன்" என்றாள். ஆனால் அன்று இரண்டு டம்ளர் டீ போட்டு, ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டு, தன்னுடையதைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

அந்த வாரம்தான் மரைக்க ஓர் அறிவிப்பு ஒட்டினார். குளிர்கால ஞாயிறுகளில் ஊழியர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு படத்தைப் பற்றிப் பார்வையாளர்களிடம் பத்து நிமிடம் பேசலாம். நான் அவர் அறைக்குப் போய் என் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த நாட்டு மக்கள் சுற்றி வளைக்க மாட்டார்கள். "சாதிக், உன் டச்சு போதாது. வருகிறவர்கள் கலை வரலாறு கேட்க வருகிறார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார். அடுத்த வருடம் நான் இங்கே இருப்பேனா என்பதே தெரியாது. அதை டச்சில் சொல்ல வராமல் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் மறுபடி போனேன். அவர் மறுபடி இல்லை என்றார். மூன்றாவது முறை, பேச வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போய் அவர் முன்னாலேயே வாசித்தேன். பாதியில் நிறுத்தி இரண்டு உச்சரிப்பைத் திருத்தினார். பிறகு மூன்றை. முடிவில் நாட்காட்டியைப் புரட்டி, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுதைக் கொடுத்தார். அந்த நேரத்தில் கூட்டம் அதிகம் வராது என்பதையும் மறைக்காமல் சொன்னார். நான் எனக்குள் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். இந்தப் பத்து நிமிடத்தை முழுதாகப் பேசி முடித்தால் இங்கே இருப்பேன். வாயடைத்து நின்றால் விமானம் ஏறிவிடுவேன்.

மூன்று வாரம் பேசிப் பேசிப் பார்த்தேன். வெங்காயம் நறுக்கும்போது பேசினேன், சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்றில் பேசினேன். இங்கத்திய 'ஹ' தொண்டையைச் சீய்த்துக்கொண்டு வரும். நம் அரபு மதரஸாவில் 'ஃகே' எழுத்தைச் சொல்லிப் பழகிய தொண்டை அதற்கு உதவியது. நிலோபர் சோபாவில் லேப்டாப்போடு உட்கார்ந்தபடி, தலை நிமிராமலே, "அங்க 'ஹெட்' வராது, 'டெ' வரும்" என்று பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடும் சொல்லைத் திருத்துவாள்.

அந்த ஞாயிறு பதினோரு பேர் வந்தார்கள். வாசலில் ஒட்டியிருந்த தாளைக் கூட்டத்தில் ஒரு பெண் உரக்க வாசித்தார்: இந்தியக் கடற்கரையில் பல வருடம் ஐஸ்கிரீம் விற்ற எங்கள் சகஊழியர் பேசுகிறார். எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் விளங்கியது. நேர்காணலில் நான் சொன்ன வார்த்தைக்கு இவர்களுடைய மொழியில் ஐஸ்கிரீம் விற்பவன் என்றும் பொருள். நம்மூரிலும் குழந்தைகள் ஐஸ் என்றால் அதைத்தானே சொல்வார்கள். நாலு மாதமாக மரைக்க என்னைக் குச்சி ஐஸ்காரனாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். தாளில் எழுதி மனப்பாடம் செய்த முதல் வாக்கியம் அந்த நிமிடத்தில் மறந்துபோனது.

"ஐஸ்கிரீம் இல்லை" என்றேன். கைகளை அகட்டி, ஒரு பாரின் நீளத்தையும் அகலத்தையும் காட்டினேன். "ஐஸ். இவ்வளவு பெரியது. மீனுக்கு." கொக்கியை மாட்டி இழுப்பதை நடித்துக் காட்டினேன். யாரோ சிரித்தார்கள். பின்னால் நின்ற மரைக்க கையால் வாயை மூடிக்கொண்டார். அதன்பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"எல்லாரும் இங்கே மனிதர்களைப் பார்க்கிறீர்கள். யாரும் நிற்காத இடத்தைப் பாருங்கள்" என்று பாலத்தடியைக் காட்டினேன். "இந்த நிறம் எனக்குத் தெரியும். இங்கே ஐஸ் மெல்லியது. ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது. படத்தில் உள்ளவர்களுக்கும் தெரிந்திருக்கிறது."

பதினோரு பேரும் குனிந்து பார்த்தார்கள். கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர், சிவந்த கன்னம், விவசாயியின் கைகள், மெதுவாகச் சொன்னார்: "வக்." அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்து, நான் வகுப்பில் இருப்பதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "பாலத்துக்கு அடியில் தண்ணீர் ஓடும். அங்கே ஐஸ் பிடிக்காது. அந்த ஓட்டைக்கு வக் என்று பெயர். எனக்கு ஒன்பது வயதில் நான் அதில் விழுந்தேன். என் அண்ணன் ஏணியைப் படுக்கவைத்து, அதன்மேல் தவழ்ந்து வந்து என்னை இழுத்தான்." மறுபடி படத்தின் பக்கம் குனிந்து, "இந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அது இங்கே இருப்பதை இன்றுதான் பார்க்கிறேன்" என்றார்.

நான் படகைக் காட்டினேன். புயல் நாட்களைச் சொன்னேன், சீட்டாட்டத்தைச் சொன்னேன். என்னிடமிருந்த சின்ன வார்த்தைகளால்தான் சொன்னேன். "இது ஹெஸெல்லஹ், ஆமாம். ஆனால் இந்தப் படகுக்காரன் எங்கே? இந்தக் கூட்டத்தில் அவனும் விளையாடிக்கொண்டிருக்கலாம். இன்றைக்கு வேலை இல்லை, அதனால்தான் எல்லாரும் வெளியே இருக்கிறார்கள். ஓவியர் சந்தோஷத்தை வரைந்திருக்கிறார். அதற்குப் பக்கத்திலேயே படகையும் வரைந்திருக்கிறார். இரண்டையும் பார்க்க வேண்டும்." பொத்தேரி மாணவனிடம் அன்று சொல்லாமல் விட்டதை, ஐயாயிரம் மைல் தள்ளி, இன்னொரு மொழியில், ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பத்து நிமிடம் இருபதாகியிருந்தது.

கூட்டம் கலைந்ததும் மரைக்க வந்து, "நீத் ஸ்லெஹ்த்" என்றார். மோசமில்லை. இவ்வளவு பாடுபட்டதற்கு மோசமில்லை என்ற ஒரு வார்த்தைதானா என்று மனம் சுருங்கி வீட்டுக்கு வந்தேன். நிலோபரிடம் சொன்னபோது அவள் லேப்டாப்பை மூடிவிட்டுச் சிரித்தாள். "என்னங்க, எங்க ஆபீஸ்ல நாம வந்ததுலேர்ந்து ஒரு தடவைதான் என்னை அப்படிச் சொன்னாங்க. அன்னைக்குத்தான் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தாங்க." இரண்டு வாரத்தில் என் ஒப்பந்தத்தை ஒரு வருடத்துக்கு நீட்டினார்கள். படத்தின் பக்கத்திலிருந்த குறிப்பில் பாலத்தையும் படகையும் பற்றி இரண்டு வரி கூடியது. என் பெயர் அதில் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகவும் தோன்றவில்லை.

பேசி முடித்த அந்த ஞாயிறு இரவே காசிமைக் கூப்பிட்டிருந்தேன். "மச்சான், நான் அங்க திரும்பி வந்து கடை நடத்தப்போறதில்லை. டிப்போ இனிமே உன்னுது. போர்டுல உன் பேரை எழுது. பலகைக் கடை போடறதா, ஐஸ் ஓட்டறதான்னு நீயே முடிவு பண்ணு."

மறுமுனையில் அவன் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது. "பலகையாவது கிலகையாவது" என்றான். "போட்டு கரைக்கு வந்தா ஐஸ் வோணும்ல. நீ சொல்லாம நான் எப்டி மச்சான் பேர எழுதறது, அதான் இத்தினி நாளா கேட்டுகினு இருந்தேன்."

கத்திரி வெயிலில் விடுமுறைக்குக் கோவளம் போனேன். அருங்காட்சியகக் கடையில் அந்தப் படத்தின் அட்டை ஒன்று வாங்கி எடுத்துப் போயிருந்தேன். காசிம் அதை டிப்போ சுவரில், மெஷினுக்கு மேலே ஆணியடித்து மாட்டினான். மறுநாள் காலை பார் இறக்க நானும் கை கொடுத்தேன். உள்ளங்கை மெலிந்துபோயிருந்தது. ஐஸ் நெருப்பாகச் சுட்டது. ஆனாலும் கொக்கியை விடவில்லை.

அப்போது மீன் விற்கும் தேசம்மா கூடையோடு வந்தார். பல வருடமாக என்னிடம் ஐஸ் வாங்கியவர், தினமும் கூடையைத் தலையில் சுமந்து வாடிக்கை வீடுகளுக்கு நடந்துபோய் விற்கிறவர். சுவரிலிருந்த அட்டையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதான் நீ கீற ஊரா?"

"ஆமாக்கா."

"எம்மாம் சனம் நிக்குது. இதுல நீ எது பா?"

அது நானூறு வருடத்துக்கு முந்தைய படம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விரலை நீட்டி ஒவ்வோர் உருவமாகத் தேடிக்கொண்டிருந்தார். அவ்வளவு நம்பிக்கையாகத் தேடுகிறவரிடம் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. நானும் அட்டைக்குக் கிட்டே போய்த் தேடினேன். பெரிய மனிதர்களைத் தாண்டி, சறுக்கு வண்டியைத் தாண்டி, இடப்பக்க ஓரத்தில், கரையில் உட்கார்ந்து காலில் சறுக்குக் கட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான் ஒருவன். ஒரு கால் கட்டியாகிவிட்டது. மறு கால் இன்னும் புல்லின்மேல் இருந்தது. ஏழு மாதம் பார்த்தும் என் கண்ணில் படாதவன்.

"இதோ, இது" என்று தொட்டேன். ஐஸ் ஈரம் அவன்மேல் ஒரு சொட்டாக நின்றது.

தேசம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "எழுந்துக்கப் போற மாதிரிதான் கீது" என்று சொல்லிக் கூடையை நீட்டினார். நான் உமியைத் தள்ளி, ஐஸை அள்ளிப் போட்டேன்.